'மும்பைப் பூனை' எங்கே போனாள்? ஒரு மௌனப் படம் தொலைந்துபோகும் விதம்

முகமூடி போட்ட ஒரு பெண் மாடியிலிருந்து குதிக்கிறாள். கீழே 'காணாமல்போன சுலோசனா படம் கிடைத்துவிட்டது' என்று ஒரு வரி. இப்படிப்பட்ட துண்டு வீடியோக்கள் வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது சுற்றுகின்றன. மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருக்கும் பழைய பட ரசிகர்கள் 'இது நிஜமா?' என்று கேட்கிறார்கள். நிஜமில்லை. சுலோசனா நடித்து 1927இல் பம்பாயில் எடுத்த 'வைல்ட்கேட் ஆஃப் பாம்பே', குஜராத்திக்காரர்கள் 'மும்பை நி பிலாடி' என்று சொன்ன படம், தொலைந்த படங்களின் பட்டியலில்தான் இன்னும் இருக்கிறது. அது ஏன் தொலைந்தது என்பது புரிந்துவிட்டால், கிடைத்துவிட்டதாக வரும் செய்திகளை எடைபோடுவது சுலபம்.

யார் அந்தப் பூனை

படத்தை எடுத்தது அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் ஃபிலிம் கம்பெனி. ஸ்டுடியோ கிராண்ட் ரோடு பக்கம், கென்னடி பாலத்தை ஒட்டி இருந்தது. இயக்கியவர் மோகன் பவ்னானி. நாயகி ரூபி மயர்ஸ். புனேயில் 1907இல் பிறந்த பாக்தாதி யூதப் பெண். டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவரைப் படத்துக்குக் கூட்டிவந்ததும் பவ்னானிதான். திரைப்பெயர் சுலோசனா.

இந்தப் படத்தில் அவருக்கு எட்டு வேடங்கள். தோட்டக்காரர், போலீஸ்காரர், ஹைதராபாத் கனவான், தெருப்பையன், வாழைப்பழக்காரி, பொன்முடி ஐரோப்பியப் பெண் என்று ஆள் மாறி ஆள் மாறி நகரத்தையே ஏய்க்கிற பாத்திரம். சட்டத்துக்கு வெளியே திரியும் பெண்ணை நாயகியாக வைத்த கதை. அப்போதைய பம்பாயில் பட சென்சார் குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? போலீஸ் கமிஷனர். 1918ஆம் ஆண்டின் சினிமாச் சட்டப்படி 1920இல் பம்பாய், கல்கத்தா, மதராஸ், ரங்கூன் ஆகிய ஊர்களில் குழுக்கள் அமைந்தன. பம்பாய்க் குழுவின் தலைமை காவல்துறையிடம் இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு பெண் போலீஸ் வேடம் கட்டிப் போலி ஆளாக நடமாடும் படம் திரைக்கு வந்திருக்கிறது. சென்சாரின் கண் எங்கே இருந்தது என்பதற்கு ஒரு தடயம் உண்டு. 1921இல் வந்த 'பக்த விதுரர்' மதராஸில் தடைசெய்யப்பட்டது. அது மகாபாரதக் கதைதான், ஆனால் விதுரர் காந்தியைப் போலத் தொப்பி போட்டிருந்தார். பூனை தப்பினாள், விதுரர் மாட்டிக்கொண்டார்.

'தொலைந்த படம்' என்றால்

சொற்களைக் கொஞ்சம் பிரித்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் செய்திகளில் குழப்பம் தொடங்குவதே இங்கேதான்.

1. தொலைந்த படம்: உலகில் தெரிந்த எந்தக் காப்பகத்திலும், எந்தத் தனியாரிடமும் ஒரு சுருள்கூட இல்லாதது. போஸ்டரும் ஸ்டில்லும் இருந்தாலும் அது தொலைந்த படம்தான்.
2. துண்டாக எஞ்சிய படம்: சில சுருள்களோ சில நிமிடங்களோ மட்டும் இருப்பது. தாதாசாகேப் பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா' இந்த வகை.
3. நெகட்டிவ்: கேமராவுக்குள் ஓடியது. பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும்.
4. பிரிண்ட்: நெகட்டிவிலிருந்து தியேட்டருக்காக எடுக்கும் பாசிட்டிவ் நகல். கையில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான்.

இந்தியாவில் எடுத்த மௌனப் படங்கள் 1,300க்கு மேல். முழுசாகவோ துண்டாகவோ எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அமெரிக்காவின் கதை ரொம்பத் தேவலை என்று நினைக்க வேண்டாம். அங்கே காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட கணக்கின்படி, 10,919 முழுநீள மௌனப் படங்களில் 14 சதவீதம்தான் எடுத்த வடிவிலேயே முழுமையாக இருக்கின்றன.

முதல் எதிரி, ஓட்டம்

தீ பிடித்தது, அழுகிப்போனது என்று சொல்வது வழக்கம். இரண்டும் உண்மை, ஆனால் இரண்டும் பிற்பாடு வந்தவை. ஒரு சண்டைப் படத்தின் பிரிண்ட் முதலில் ஓடியே தேய்ந்தது.

35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 கட்டங்கள், அதாவது 16 தனித்தனிப் படங்கள். ஆயிரம் அடிச் சுருளில் 16,000 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரு பக்கமும் நான்கு நான்கு துளைகள். புரொஜெக்டரின் பற்சக்கரம் அந்தத் துளைகளைப் பிடித்துத்தான் இழுக்கும். துளை கிழிந்தால் படம் குதிக்கும். ஆபரேட்டர் உடனே கிழிந்த இடத்தை வெட்டி, எமல்ஷனை (பிம்பம் பதிந்திருக்கும் பூச்சு) சுரண்டி, ஃபிலிம் சிமெண்ட் தடவி ஒட்டுவார். ஒவ்வொரு ஒட்டுக்கும் இரண்டு மூன்று கட்டங்கள் போகும். பம்பாயில் முதல் வாரம் ஓடிய பிரிண்ட் பிறகு புனே, சூரத், அப்படியே ஊர் ஊராக இறங்கி, கடைசியில் டெண்ட் கொட்டகைக்கு வரும்போது படம் முழுக்கக் கீறல்கள் மழையாகப் பெய்யும், தாவும் காட்சிகளில் பாதி வெட்டுப்பட்டிருக்கும். அதிகம் தேய்வதும் அந்த இடங்கள்தான். ரசிகர்கள் கைதட்டி மறுபடி கேட்ட சுருள்தான் முதலில் செத்தது.

பக்திப் படமாக இருந்தால் பத்து வருடம் கழித்தும் ஏதாவது திருவிழாவுக்கு எடுத்து ஓட்டுவார்கள். பால்கேயின் 'காளிய மர்தன்', 1919இல் வந்தது, பெரும்பாலும் நம் கைக்கு வந்திருக்கிறது. குதிரை, கயிறு, மாறுவேடம் என்று வந்த படங்களைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வசூல் முடிந்தால் கதை முடிந்தது.

இரண்டாவது, பேசும் படம்

1931 மார்ச் 14. கிர்காம் மெஜஸ்டிக் தியேட்டரில் அதே இம்பீரியல் கம்பெனியின் 'ஆலம் ஆரா' வெளியானது. மூன்று நான்கு வருடத்தில் பம்பாயில் மௌனப் படம் எடுப்பதே நின்றுபோனது. அதோடு கிடங்கிலிருந்த பழைய சுருள்களெல்லாம் இடத்தை அடைக்கிற சரக்கு ஆகிவிட்டன.

சுலோசனா விஷயத்தில் இன்னொரு அடியும் விழுந்தது. அவருடைய வெற்றிப் படங்களைப் பேச்சோடு மறுபடி எடுத்தார்கள். 1928இன் 'மாதுரி' 1932இலும், 'அனார்கலி' 1935இலும், 'மும்பைப் பூனை' 1936இல் 'பம்பாய் கி பில்லி' என்றும் வந்தன. அதே நடிகை பேசும் புதுப் படம் கையில் இருக்கும்போது பேசாத பழைய பிரிண்டை யார் வாடகைக்கு எடுப்பார்கள்?

இம்பீரியலின் அந்த வளாகத்தோடு தமிழர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்', எச். எம். ரெட்டி இயக்கி டி. பி. ராஜலட்சுமி நடித்தது, எடுக்கப்பட்டது மதராஸில் இல்லை, இதே பம்பாய் இம்பீரியலில். 1931 அக்டோபர் 31 அன்று மதராஸ் கினிமா சென்ட்ரலில் வெளியானது. அதுவும் தொலைந்த படம். தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' தொலைந்ததை நினைத்து வருந்துகிற நாம், கிராண்ட் ரோடில் தொலைந்ததையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, வெள்ளி

கறுப்பு வெள்ளை ஃபிலிமில் பிம்பமாக நிற்பது உலோக வெள்ளி. சுருளை ரசாயனத்தில் ஊறவைத்தால் வெள்ளி தனியே வரும். மிஞ்சும் செல்லுலாய்டு வளையல், சீப்பு செய்பவர்களுக்குப் போகும். கழிவு வியாபாரிக்கு ஒரு படம் என்பது இத்தனை எடை, அவ்வளவுதான். புனே திரைப்படக் காப்பகத்தைக் கட்டியெழுப்பிய பி. கே. நாயர் 'ஆலம் ஆரா'வைத் தேடி இரானி குடும்பத்திடம் போனபோது, மிஞ்சியிருந்த சுருள்களும் வெள்ளிக்காகப் போய்விட்டன என்ற பதில்தான் கிடைத்தது. தயாரிப்பாளர்களைத் திட்டுவதில் பயனில்லை. வைத்திருப்பதற்குச் செலவு, விற்றால் காசு, சட்டமும் கேட்கவில்லை. அச்சிட்ட புத்தகத்தை நூலகத்தில் கொடுக்க வேண்டும் என்று 1954இல் சட்டம் வந்தது. சினிமாவுக்கு அப்படி ஒன்று இல்லை. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியது 1964இல். 'மும்பைப் பூனை'க்கு அப்போதே 37 வயது.

கடைசியில்தான் நைட்ரேட்

அந்தக் கால ஃபிலிமின் அடித்தளம் செல்லுலோஸ் நைட்ரேட். வெடிபஞ்சுக்கு உறவுக்காரப் பொருள். எரிவதற்குத் தேவையான ஆக்சிஜனை அதுவே வைத்திருப்பதால் தண்ணீர் ஊற்றியும் அணையாது, தண்ணீருக்கடியிலும் எரியும். புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகள் இருக்கும், அது நுரையீரலை அரிக்கும். நல்ல நிலையில் உள்ள சுருள் பற்றிக்கொள்ள 150 டிகிரி செல்சியஸ் அளவு சூடு வேண்டும். அழுகிய சுருள் மூடிய டப்பாவுக்குள் நாள்கணக்கில் 40 டிகிரி அருகே இருந்தாலே தானாகப் பற்றக்கூடும். மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சூடு சாதாரணம். 2003 ஜனவரி 8 அன்று புனே ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் இருந்த நைட்ரேட் காப்பறை எரிந்ததை நினைவில் வைத்தால் போதும்.

அழுகல் படிப்படியாக வரும்:

1. படம் மங்கும், ஃபிலிம் தேன் நிறமாகும்.
2. எமல்ஷன் பிசுபிசுக்கும், சுற்றுகள் ஒட்டிக்கொள்ளும்.
3. கொப்புளங்கள் வரும், மூக்கைத் துளைக்கும் நெடி.
4. சுருள் முழுக்க ஒரே கட்டியாகி மேலே நுரைக்கும்.
5. பழுப்புப் பொடி.

முதல் இரண்டு நிலையில் இருப்பதை நகலெடுக்கலாம். மூன்றாவதில் பகுதி பகுதியாக மீட்கலாம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. குளிரும் வறட்சியும் இதைத் தள்ளிப்போடும். அதனால்தான் காப்பகங்கள் 2 டிகிரி அருகிலும், ஈரப்பதம் 20 முதல் 30 சதவீதத்திலும் வைக்கின்றன. மும்பையின் ஜூலை மாதக் காற்றில் ஈரம் 80க்குக் கீழே இறங்குவதே அபூர்வம்.

அப்படியானால் எட்டு வேடம் என்று எப்படித் தெரியும்?

காகிதம் ஃபிலிமைவிட அதிக காலம் வாழ்ந்தது. சென்சார் குழு அனுமதித்த படங்கள் அரசிதழில் வந்தன. பத்திரிகை விளம்பரங்கள் இருக்கின்றன. தியேட்டரில் விற்ற கதைச்சுருக்கப் புத்தகங்கள், கைப்பிரதிகள், ஸ்டில்கள் சோர் பஜார் மட்டன் தெருவில் இன்னும் கைமாறுகின்றன. இன்னொரு பெரிய புதையல், 1927 அக்டோபரில் அரசு அமைத்த இந்திய சினிமா விசாரணைக் குழுவின் சாட்சியத் தொகுதிகள். தலைவர் மதராஸ் வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார். 353 பேரிடம் வாய்மொழிச் சாட்சியம் வாங்கினார்கள். எந்த மாதிரிப் படம் ஓடுகிறது, யார் பார்க்கிறார்கள், பிரிண்ட் எங்கே போகிறது என்பதெல்லாம் கேள்வி பதிலாகவே இருக்கிறது. மௌனப் பட ஆராய்ச்சி செய்கிறவர் முதலில் உட்கார வேண்டிய இடம் அதுதான்.

காகிதத்தில் நீளம் அடிக்கணக்கில்தான் வரும், நிமிடத்தில் வராது. 8,000 அடிப் படத்தை நொடிக்கு 16 கட்டம் வீதம் ஓட்டினால் 2 மணி 13 நிமிடம். 24 கட்டம் வீதம் ஓட்டினால் 89 நிமிடம். கையால் சுழற்றிய காலத்தில் வேகம் ஊருக்கு ஊர் மாறியது. ஒரே படத்துக்கு இணையத்தில் இரண்டு மூன்று கால அளவுகள் இருப்பது இதனால்தான்.

'கிடைத்துவிட்டது' என்று ஒரு கிளிப் வந்தால்

1. யாருடைய முகம்? இந்தி, மராத்திப் படங்களில் பின்னாளில் அம்மாவாக நடித்த சுலோசனா லாட்கர் வேறு ஆள். கூகுள் இருவரையும் கலக்கிவிடுகிறது.
2. முகமூடி, சாட்டை, குதிரை மூன்றும் இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சண்டைப் பட நாயகி நாடியாவின் 'ஹண்டர்வாலி'. அது 1935இல் வந்த பேசும் படம். ஒலியை எடுத்துவிட்டு பியானோ போட்டால் மௌனப் படம் ஆகிவிடாது. ஆண்களின் வாள்சண்டை என்றால் புனேயில் பத்திரமாக இருக்கும் 1931இன் 'திலேர் ஜிகர்' நினைவுக்கு வர வேண்டும்.
3. உதடு நீண்ட நேரம் அசைந்தும் எழுத்து அட்டை வரவில்லையா? பேசும் படமாக இருக்க வாய்ப்பு அதிகம். பம்பாய் மௌனப் படங்களின் அட்டைகளில் ஆங்கிலத்தோடு குஜராத்தி, இந்தி, உருது என ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகள் வரும்.
4. சட்டகத்தின் இடது ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் உடனே பொய் என்று தள்ள வேண்டாம். மௌனப் படத்தில் பிம்பம் துளைக்குத் துளை முழு அகலத்துக்கும் இருக்கும். பின்னாளில் அதை ஒலிப்படச் சட்டகத்தில் நகலெடுத்தவர்கள் ஒலித்தடத்துக்கான ஓரத்தை இழந்தார்கள். இது நிஜமான பழைய படத்திலும் நடக்கும்.
5. எந்தக் காப்பகம், எத்தனை மீட்டர்? உண்மையான கண்டுபிடிப்புக்கு இந்த இரண்டும் இருக்கும். 1919இன் 'பில்வமங்கள்' பாரிஸின் சினிமாத்தெக் என்ற படக் காப்பகத்திலிருந்து 2016இல் நகலாக வந்தபோது 594 மீட்டர் என்று சொல்லித்தான் வந்தது.

செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் 'பழைய பட' கிளிப்புகளுக்கும் ஐந்தாவது கேள்வியே போதும். அவற்றுக்கு மீட்டர் கிடையாது.

எங்கே கிடைக்கலாம்

படம் எடுத்த ஊரில் தேடுவதைவிட அது கடைசியாக ஓடிய ஊரில் தேடுவது பலன் தரும். திருப்பி அனுப்பும் செலவு பிரிண்டின் விலையைத் தாண்டும் இடத்தில் பெட்டிகள் அப்படியே கிடக்கும். கனடாவின் டாசன் சிட்டியில் 1978இல் மண்ணைத் தோண்டியபோது 533 நைட்ரேட் சுருள்கள் வந்தன. உறைபனி அவற்றைக் காத்திருந்தது. இந்தியப் படத்துக்கு அப்படிப்பட்ட கடைசி ஊர் எது என்று யோசித்தால் பர்மா, மலாயா, கிழக்கு ஆப்பிரிக்கா, மொரீஷியஸ் என்று நம்மவர்கள் போன ஊர்கள்தான் மனதில் வருகின்றன. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை வெப்பமும் ஈரமும் மிகுந்தவை, உறைபனி இல்லாதவை. அதிகம் எதிர்பார்க்க முடியாது.

நீதிமன்றமும் ஒரு காப்பகம்தான். 1933இன் 'மார்த்தாண்ட வர்மா' மிஞ்சியதற்குக் காரணம், அது தழுவிய நாவலின் பதிப்பாளர் போட்ட காப்புரிமை வழக்கு. படம் முடங்கியது, பிரிண்ட் பதிப்பாளர் கைக்கு வந்தது, 1974இல் புனேக்குப் போனது. ஓடாததால் பிழைத்தது.

இந்த விதி நமக்கு மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவில் 1911இல் ஆல்ஃபிரெட் ரோல்ஃப் எடுத்த 'தி லேடி அவுட்லா', கைதிகளை நாடுகடத்திய டாஸ்மேனியாவில் ஒரு பெண் கொள்ளைக்காரியாவதைச் சொன்னது. அதுவும் தொலைந்தது. அங்கே கூடுதலாக ஒரு காரணம், காட்டுக்கொள்ளையர் படங்களைப் பல மாநிலங்கள் 1911, 1912இல் தடைசெய்தன. அந்த வகைப் படங்களுக்கு முன்னோடியான 1906இன் 'கெல்லி கும்பலின் கதை' ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது, இன்று சுமார் 17 நிமிடம் இருக்கிறது.

பழைய டப்பா கையில் கிடைத்தால்

தாராவியிலோ லாமிங்டன் ரோடிலோ பழைய கிடங்கைக் காலி செய்யும்போது தகர டப்பா வந்தால், இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத் திறக்கவும். பீடி, அடுப்பு, சூடான பல்பு எதுவும் பக்கத்தில் கூடாது. வினிகர் வாடை வந்தால் அது அசிடேட் என்ற வேறு வகை ஃபிலிம், தீ ஆபத்து குறைவு. நெடியோடு பழுப்பாக இருந்தால் நைட்ரேட் என்றே வைத்துக்கொள்ளவும். 16 மில்லிமீட்டர் என்றால் கவலையில்லை, அது எளிதில் தீப்பிடிக்காத சேஃப்டி ஃபிலிம்.
2. ஒரு துணுக்கைக் கொளுத்திப் பார்ப்பது, புரொஜெக்டரில் ஓட்டுவது, ஒட்டிய சுற்றைப் பிரிப்பது, மூன்றும் வேண்டாம்.
3. முதல் ஓர் அடியை மட்டும் நீட்டி, பின்னால் மொபைல் திரையை வெள்ளையாக வைத்துப் படம் எடுக்கவும். ஓரத்தில் இருக்கும் வட்டம், சதுரம், முக்கோணம் தெளிவாக விழட்டும். கோடாக் ஃபிலிமில் அவை தயாரித்த ஆண்டைச் சொல்லும். ஆனால் 20 வருடத்துக்கு ஒருமுறை அதே குறி திரும்ப வரும், 1927க்கும் 1947க்கும் ஒன்றுதான். ஓரத்தில் ஒலித்தடம் இருந்தால் 1947, இல்லாவிட்டால் ஆசைப்படலாம்.
4. தட்டையாக நீட்ட முடிந்தால் 100 துளைகளின் நீளத்தை அளக்கவும். புது ஃபிலிமில் சுமார் 475 மில்லிமீட்டர். 470 வந்தால் சுமார் ஒரு சதவீதம் சுருங்கிவிட்டது, சாதாரணப் பற்சக்கரத்தில் போட்டால் கிழியும். பற்சக்கரம் இல்லாத ஸ்கேனர் வேண்டும்.
5. காற்றுப் புகாத பிளாஸ்டிக்கில் கட்டாதீர்கள், வெளிவரும் வாயு உள்ளேயே நின்று அழுகலை வேகப்படுத்தும். நிழலான, காற்றோட்டமான தனி இடத்தில் வைக்கவும்.
6. கூரியரிலும் ரயிலிலும் அனுப்பாதீர்கள். நைட்ரேட் ஃபிலிம் ஐநா எண் 1324 கொண்ட அபாயகரச் சரக்கு. இங்கே அதற்கென 1948ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. புனே காப்பகத்தையோ மும்பை ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனையோ கூப்பிட்டு, அவர்களையே வந்து எடுக்கச் சொல்லவும்.

கொடுக்கும்போது இரண்டை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று, எத்தனை டப்பா, எந்த நிலையில் என்ற பட்டியல். இரண்டு, ஸ்கேன் ஆனபின் உங்களுக்கு ஒரு நகல். 1927 படத்தின் காப்புரிமை 60 வருடக் கணக்கில் பார்த்தாலும் 1987 முடிவோடு தீர்ந்துவிட்டது, ஆகவே 'உரிமை என்னுடையது' என்று யாராவது டப்பாவைக் கேட்டு வந்தால் அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டியதில்லை.